பதினோராம் அலகு: தன்னைப் பற்றி நன்றாகச் சொல்லிக்கொள்ளுதல்

1

இந்தக் கதை ஒரு பாடநூலுக்காகப் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் ஒழுங்கு.

ஆங்கிலத்தில் ஓரளவு தேறி, மேற்கொண்டும் தேற விரும்புகிறவர்களுக்காக நான் தொகுத்த உரையாடல் தொடர்களின் நூல் பல்கேரியாவில் பல பதிப்புகள் கண்டிருக்கிறது. மரியாதையோடு மறுப்பது எப்படி, இடைமறிப்பது எப்படி, பேச்சை முடித்துக்கொண்டு எழுந்திருப்பது எப்படி என்று அலகு அலகாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய தொடர்களை வரிசைப்படுத்தி, எதை எங்கே சொல்லக்கூடாது என்பதையும் அடியில் குறித்திருக்கிறேன். புதிய பதிப்பு வேண்டும் என்று தொலைபேசியில் அழைத்தபோது பதிப்பாசிரியன் பிளாமென் ஒரு யோசனை சொன்னான்.

"டீச்சர், வெறும் பட்டியலா போட்டா இப்பல்லாம் யாரும் படிக்கறதில்ல. ஒவ்வொரு பாடத்துக்கு முன்னாடியும் ஒரு குட்டிக் கதை வச்சுடுங்க. இருநூறு வார்த்தை போதும். தொடரெல்லாம் தடிச்ச எழுத்துல. முடிவு நல்லா இருக்கணும்."

"நல்லான்னா?"

"சந்தோஷமா, டீச்சர். பாடப் புத்தகம்தானே."

பத்து அலகுகளுக்குச் சிக்கலின்றி எழுதிக் கொடுத்தேன். விடுதியில் அறை மாற்றிக் கேட்டவருக்கு வேறு அறை கிடைத்தது. கூட்டத்தில் இடைமறித்தவரை எவரும் வெறுக்கவில்லை. பதினோராம் அலகுக்கு வந்தபோது கதை இருநூறு சொற்களில் நிற்க மறுத்தது. நான் அதனுடன் வாதாடிப் பார்த்தேன். பிறகு பிளாமெனுடன் வாதாடினேன். இரண்டு இடத்திலும் தோற்காமல் வெளியே வந்திருப்பதால் இதைத் தமிழில் எழுதுகிறேன். பல்கேரியக் கடலோர ஊரான பொமோரியேவுக்கு மருமகளாக வந்து, கணவரை இங்கேயே அடக்கம் செய்து, இந்த உப்புக் காற்றில் என் மூட்டுகளையும் கெடுத்துக்கொண்ட பிறகும், எனக்குக் கோபம் வருவது தமிழில்தான். பிளாமெனுக்குத் தமிழ் தெரியாது என்பது கூடுதல் வசதி.

2

ஒரு விதி.

இக்கதையில் மனிதர்கள் இரண்டு மொழிகளில் பேசுகிறார்கள். இரண்டையும் நான் தமிழில்தான் தரவேண்டும். ஆகவே பல்கேரிய மொழியில் பேசப்படுவது பேச்சுத் தமிழில் வரும். ஆங்கிலத்தில் பேசப்படுவது எழுத்துத் தமிழில், ஒற்றை மேற்கோள் குறிக்குள் வரும். இங்கே நாங்கள் எங்கள் மொழியைச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பேசுகிறோம். ஆங்கிலத்தைச் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு பேசுகிறோம். வேறுபாடு காதில் விழ வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

இவ்விதியைக் கடைசிவரை காப்பேன்.

(மேலே உள்ள வாக்கியத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நானும்.)

3

முதல் தொடக்கம்:

பீட்டருக்கு மேலாளர் பதவிக்கான நேர்காணல் அழைப்பு வந்தது. அவன் கண்ணாடி முன் நின்று கழுத்துப்பட்டையைச் —

[நீக்கினேன். பீட்டர் எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான். வேலையும் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தாலும் எனக்குக் கவலை இருந்திருக்காது. எழுதுகிறவளுக்கே கவலையில்லாத ஒருவனுக்காகப் படிக்கிறவர் ஏன் கவலைப்பட வேண்டும்?]

இரண்டாம் தொடக்கம்:

ஏப்ரல் மாதத்துக் கடல் சாம்பல் நிறத்தில் —

[கடலுக்கு இந்தக் கதையில் வேலையில்லை. வேலையில்லாதவர்கள் வெளியே நிற்கட்டும்.]

மூன்றாம் தொடக்கம்:

ருமியானா தன் தங்கையின் மகளை அவலட்சணம் என்றாள். சொல்லிவிட்டு மூன்று முறை துப்பினாள்.

இதில் திருத்த எதுவுமில்லை. வைத்துக்கொள்கிறேன்.

ருமியானா என் கற்பனை. நாற்பதுகளின் நடுவில் இருக்கிறாள், மணமுறிவு பெற்றவள், இங்கே சேற்றுக் குளியல் மருத்துவ விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை. மூட்டுவலியோடு வரும் வெளிநாட்டவரிடம் லிஃப்ட் ஓடவில்லை என்பதைப் பலவிதமாக ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி மொழியில் கை தேர்ந்தவள். கதைக்குள் நானும் போய்வர வசதியாக அவளை என் வீட்டுக்கு நேர் கீழ்வீட்டில் குடிவைத்தேன். அவளுடைய தங்கை கலினா இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். போன குளிர்காலத்தில் நோய் கண்டு, இவள் பயணச்சீட்டு வாங்குவதற்குள் இறந்துவிட்டாள். கலினாவின் எட்டு வயது மகள் நெவேனா இப்போது அந்த ஊரிலேயே ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் தற்காலிகமாக இருக்கிறாள். குழந்தையின் தகப்பன் கையெழுத்திட்டு விலகிக்கொண்டான். நானும் அவனை விலக்கிவிடுகிறேன்.

நெவேனாவுக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். அவளைப் பெரியம்மாவிடம் ஒப்படைக்கலாமா, கூடாதா என்பதை அந்த ஊரின் குழந்தைகள் நலப் பிரிவு தீர்மானிக்க வேண்டும். திருமதி பிரிச்சர்ட் என்னும் அதிகாரி கணினித் திரையில் ருமியானாவைச் சந்தித்தார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டதற்கு ருமியானா வேண்டாம் என்றாள். நாளைக்குக் குழந்தைக்குச் சோறூட்டும்போதும் மொழிபெயர்ப்பாளரா பக்கத்தில் உட்காருவார்?

4

முதல் சந்திப்பை உள்ளபடியே தருகிறேன்.

'எப்படி இருக்கிறீர்கள்?'

'கேட்காதீர்கள். ஏதோ இழுத்துக்கொண்டு போகிறேன்.'

'உங்கள் வீடு குழந்தை வாழ ஏற்றதாக இருக்குமா?'

'இன்னும் இடிந்து விழவில்லை.'

'வேலைக்கும் சென்றுகொண்டு, ஒரு குழந்தையையும் உங்களால் சமாளிக்க முடியுமா?'

'யாரால்தான் எதைச் சமாளிக்க முடிகிறது, திருமதி பிரிச்சர்ட்? உயிர் இருக்கும்வரை ஓட்ட வேண்டியதுதான்.'

மூன்று பதில்களிலும் ஒரு பிழைகூட இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். காலம் சரி, இடைச்சொல் சரி, உச்சரிப்பும் கேட்கும்படி இருந்தது. எங்கள் ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் இவற்றை நல்ல வளர்ப்பின் அடையாளம் என்பார். நலமா என்று கேட்டால் நலம் என்று சொல்லக்கூடாது. கேட்கக்கூடாதது எதுவோ கேட்டுவிடும். இழுத்துக்கொண்டு போகிறேன் என்றால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று பொருள். இடிந்து விழவில்லை என்றால் வீடு கல்லுப்போல நிற்கிறது என்று பொருள். குழந்தைக்கென்று ஒதுக்கிய அறைக்கு ருமியானா மஞ்சள் வண்ணம் அடித்தபோது ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். அந்த வீட்டில் ஒரு விரிசல் கிடையாது.

திருமதி பிரிச்சர்டுக்கு இது எதுவும் தெரியாது. அவர் காதில் விழுந்ததை அப்படியே எழுதிக்கொண்டார்.

இறுதியில் நெவேனாவைத் திரைக்கு முன் உட்கார வைத்தார். கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு கோடையில் தூக்கி வைத்திருந்ததுதான். அதன்பின் ருமியானா அவளை நேரில் பார்த்ததில்லை. கலினாவின் அதே அகன்ற நெற்றி; கலினாவைப் போலவே ஒரு புருவம் மட்டும் மேலேறியிருந்தது. ருமியானா இரண்டு கன்னங்களிலும் கை வைத்துக்கொண்டாள்.

'அடடா, எவ்வளவு அவலட்சணமான குழந்தை!' என்றாள். 'கோழிகள் உன்மேல் எச்சமிடட்டும்!'

பிறகு திரையை நோக்கி, பூ, பூ, பூ என்று மூன்று முறை துப்பினாள்.

பொமோரியேவில் தொட்டிலுக்குமேல் குனிகிற ஒவ்வொருவரும் சொல்வது இது. கன்னத்தில் மைப்பொட்டு வைத்துக் குழந்தையின் அழகைக் கெடுக்கிற வீடுகளில் பிறந்தவர்களுக்கு நான் மேலும் விளக்கப் போவதில்லை. நெவேனாவுக்கு விளக்க அங்கே எவரும் இல்லை. அவள் நாற்காலியிலிருந்து இறங்கித் திரையைவிட்டு வெளியே போனாள். காலியான நாற்காலி சிறிது நேரம் தெரிந்தது. பிறகு திருமதி பிரிச்சர்டின் முகம்.

மறுநாள் தொலைபேசியில் சொன்னார்கள்: மனச்சோர்வு இருப்பதாகத் தெரிகிறது, வீட்டின் உறுதி ஐயத்துக்குரியது, குழந்தையிடம் பகைமை காட்டினார். மே மாதம் இன்னொரு சந்திப்பு. அதுவே கடைசி.

5

அன்று மாலை அவளை என் வீட்டுப் படியேற்றினேன்.

"டீச்சர், உங்க புத்தகத்துல 'நான் நல்லவ'ன்னு சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

"பதினோராவது பாடம். உக்காரு. முதுகை நேரா வை."

"முதுகு நேரா இருந்தா நல்லவளா ஆயிடுவேனா?"

"குரல் தெளிவா வரும். சொல்லு: 'என் பலங்களுள் ஒன்றாக நான் கருதுவது என் பொறுமை.'"

'என் பலங்களுள் ஒன்றாக நான் கருதுவது என் பொறுமை' என்றாள் ருமியானா. உடனே, கண்ணேறு படாமலிருக்க மரத்தைத் தட்டும் ஊர் வழக்கப்படி மேசையை மூன்று முறை தட்டி, காதுமடலைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"தட்டாத."

"நான் எங்க தட்டினேன்? கை தட்டுது."

"மைக் இருக்கு, ருமியானா. யாரோ கதவைத் தட்டற மாதிரி அந்தம்மாவுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். போலீஸ்னு பயந்து சீக்கிரம் முடிச்சுடுவாங்க."

நான் எழுந்து போய் ஒரு குளியல் துண்டை எடுத்துவந்து மேசையின்மேல் நான்காக மடித்து விரித்தேன்.

"இப்ப தட்டு."

தட்டினாள். சத்தம் வரவில்லை. முகம் வாடிப்போனது.

"துணிமேல தட்டினா பலிக்காது, டீச்சர்."

"பலிக்க வேணாம். இன்னொரு தரம் சொல்லு."

[இங்கே எனக்கு இவள்மீது ஓர் ஐயம் எழுந்தது. தங்கையைப் பறிகொடுத்த ஒருத்தி இவ்வளவு வேடிக்கையாகப் பேசுவாளா? ஆகவே ஒரு பத்தி எழுதினேன்: அவள் சன்னலோரம் நின்று விம்மி, கண்ணீர் — எழுதும்போதே அது பொய் என்று தெரிந்தது, அடித்துவிட்டேன். பதிலாக இதை வைக்கிறேன். எங்கள் கட்டடத்தின் வாசல் கதவில் கலினாவின் மரண அறிவிப்பு, படத்தோடு, வழக்கப்படி ஒட்டியிருக்கிறது. காற்றில் அதன் கீழ்மூலை எழும்பும். வேலையிலிருந்து வரும்போதெல்லாம் ருமியானா அந்த மூலையைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டுத்தான் படியேறுவாள். படியேறி வந்து வேடிக்கையாகப் பேசுவாள். என் ஐயம் தீர்ந்தது.]

வேலை முடிந்து, சேற்றின் கந்தக வாடையோடு, தவறாமல் வந்தாள். நான் திருமதி பிரிச்சர்ட் ஆனேன். நாற்காலியைச் சன்னலுக்கு எதிரே போட்டு, வெளிச்சம் அவள் முகத்தில் விழும்படி உட்கார வைத்துக் கேள்வி கேட்டேன். 'அது நல்ல கேள்வி. ஒரு கணம் யோசிக்க அனுமதியுங்கள்' என்று சொல்லப் பழகினாள். 'நேர்மையாகச் சொல்வதானால்' என்று தொடங்கி, உண்மையிலேயே நேர்மையாகச் சொல்லி, மறுபடி தொடக்கத்துக்கு அனுப்பப்பட்டாள். 'என் வீடு உறுதியானது; வெளிச்சமானது' என்பதைச் சொல்வதற்கு மட்டும் இரண்டு மாலைகள் பிடித்தன.

"நாக்கு கசக்குது, டீச்சர். எங்கம்மா கல்லறைய உடைச்சுக்கிட்டு வந்து வாயிலயே போடுவா."

"வரட்டும். அவங்களுக்கும் பதினோராவது பாடம் நடத்தறேன்."

"நடத்துவீங்க, நடத்துவீங்க. செத்தவங்க முதுகையும் நேரா வைக்கச் சொல்ற ஆளு நீங்க."

குழந்தையிடம் சொன்னதற்கான விளக்கத்தை நானே தொடராக அமைத்துக் கொடுத்தேன். 'நான் கூறியது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருந்தால் வருந்துகிறேன். அதை இவ்வாறு விளக்க அனுமதியுங்கள்: எங்கள் பண்பாட்டில் அது பாராட்டாகும்.' ருமியானா அதை மனப்பாடமாகச் சொன்னாள். பிழையில்லை. ஆனால் சொல்லிவிட்டு, சற்று நேரம் துண்டின் ஓரத்து நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இது அந்தம்மாவுக்குப் போதும். புள்ளைக்கு?"

"புள்ளையைக் கூப்பிட மாட்டாங்க. போன தடவ நடந்ததுக்கு அப்புறம் கூப்பிடவே மாட்டாங்க."

"கூப்பிட்டா?"

அந்த வினாவுக்குரிய தொடர் என் நூலில் இல்லை. ஆகவே பயிற்சியைத் தொடர்ந்தோம்.

6

இதுவரை எழுதியதைப் பல்கேரிய மொழியில் பிளாமெனுக்கு அனுப்பினேன். மறுநாள் அழைத்தான்.

"டீச்சர், செத்துப்போன தங்கச்சி, அநாதைக் குழந்தை, கோழி எச்சம்… இதெல்லாம் பாடப் புத்தகத்துல எப்படிப் போட்றது? பள்ளிக்கூடத்துல வாங்க மாட்டாங்க."

"உன் பொண்ணு பொறந்தப்ப உன் மாமியார் என்ன சொன்னாங்க?"

அவன் சிரித்தான். "குரங்கு மாதிரி இருக்குன்னாங்க. அது வேற, டீச்சர். அச்சுல வேற."

"ஏன் வேற?"

"கோழியவாவது எடுத்துடுங்களேன்."

"கோழி இருக்கும்."

"சரி, முடிவையாவது சொல்லுங்க. குழந்தை வருதா, இல்லையா? வந்துட்டா, எல்லாத்தையும் சுருக்கி எப்படியாவது உள்ள போட்டுடறேன்."

"எழுதிப் பாத்துட்டுச் சொல்றேன்."

"வரவச்சுடுங்க, டீச்சர்" என்றான் பிளாமென். அவன் குரலில் பதிப்பாசிரியன் சற்றே விலகி நின்றிருந்தான். "உங்க கையிலதானே இருக்கு."

7

என் கையில் இருந்ததை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. ருமியானா எல்லாத் தொடர்களையும் வரிசை தவறாமல் சொல்கிறாள். திருமதி பிரிச்சர்ட் புன்னகைக்கிறார். ஜூன் மாதம் புர்காஸ் விமான நிலையத்தில் ஒரு சிறுமி முதுகுப்பையோடு —

[நிறுத்தினேன். இந்தச் சிறுமி எதற்காகச் சிரித்துக்கொண்டு வருகிறாள்? தன்னை அவலட்சணம் என்று சொல்லித் துப்பிய ஒருத்தியிடம் வந்துகொண்டிருக்கிறாள். அதிகாரிக்குக் கிடைத்த விளக்கம் அவளுக்குக் கிடைக்கவில்லை. விமானத்தைத் திருப்பி அனுப்பினேன்.]

முடிவு ஆ. விண்ணப்பம் மறுக்கப்படுகிறது. மஞ்சள் அறையின் கதவு சாத்தப்படுகிறது. ருமியானா என் துண்டைத் துவைத்து, மடித்து, திருப்பிக் கொடுக்க —

[இதுவும் கூடாது. துயரமாக முடித்தால் ஆழமாக முடித்ததாகும் என்ற எண்ணம் இளம் எழுத்தாளர்களிடம் உண்டு. நான் இளம் எழுத்தாளரும் அல்லேன். தவிர, அவ்வளவு மாலைகளையும் நான் வீணாக்க மாட்டேன்.]

ஆகவே இரண்டையும் ஒதுக்கிவிட்டு, மே மாதத்து அந்த முற்பகலுக்குள் நேராகப் போனேன். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. திரை ருமியானாவின் சமையலறை மேசையில் இருந்தது. கேமராவின் பார்வை விழாத இடத்தில், குளிர்சாதனப் பெட்டியை ஒட்டி, எனக்கு ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். மேசையின்மேல் என் துண்டு விரிந்திருந்தது.

8

'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டார் திருமதி பிரிச்சர்ட்.

'மிகவும் நலமாக இருக்கிறேன். கேட்டதற்கு நன்றி' என்றாள் ருமியானா. கை துண்டைத் தட்டியது. சத்தமில்லை.

'உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்.'

'என் வீடு உறுதியானது, வெளிச்சமானது. குழந்தைக்கென்று தனி அறை ஆயத்தமாக உள்ளது. உங்களுக்கு விருப்பமானால் இப்போதே காட்டுகிறேன்.'

காட்டினாள். மஞ்சள் சுவர், கட்டில், மேசை விளக்கு. திரும்பி வந்து முதுகை நேராக வைத்து உட்கார்ந்தாள். தன் பொறுமையைப் பற்றிச் சொன்னாள். வேலை நேரத்தை மாற்றிக்கொண்டதையும், பள்ளிக்கூடத்தில் விசாரித்து வைத்திருப்பதையும் சொன்னாள். முந்தைய சந்திப்பில் சொன்னதற்கு வருந்தினாள், விளக்கினாள், பண்பாடு என்ற சொல்லை உரிய இடத்தில் வைத்தாள். ஒவ்வொரு தொடரும் அலமாரியிலிருந்து எடுத்த தட்டுபோலச் சுத்தமாக வந்து மேசையில் அமர்ந்தது. நான் குளிர்சாதனப் பெட்டியருகே மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தேன். பிழை தேடினேன். கிடைக்கவில்லை.

திருமதி பிரிச்சர்ட் எழுதுவதை நிறுத்தினார்.

'நான் ஒன்று கேட்கலாமா? சென்ற முறை எல்லாமே இருளாக இருந்தது. இம்முறை எல்லாமே ஒளியாக இருக்கிறது. இவ்விரண்டில் எந்தப் பெண்ணிடம் நான் ஒரு குழந்தையை ஒப்படைக்கப் போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.'

'அது நல்ல கேள்வி' என்றாள் ருமியானா. 'ஒரு கணம் யோசிக்க அனுமதியுங்கள்.'

அந்தக் கணம் நீண்டது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் கொடுப்பதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

'இன்னொன்றும் உண்டு' என்றார் திருமதி பிரிச்சர்ட். 'நெவேனா அடுத்த அறையில் இருக்கிறாள். நான் அவளை அழைக்க எண்ணவில்லை. ஆனால் உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டுமென்று வாரக்கணக்கில் வற்புறுத்தி வருகிறாள். உங்களுக்குச் சம்மதமா?'

'சம்மதம்' என்றாள் ருமியானா. அதற்கு எந்தத் தொடரும் தேவைப்படவில்லை.

குழந்தை வந்து உட்கார்ந்தாள். தலையை வாரி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒரு புருவம் மேலேறியிருந்தது. அவள் கேட்டாள்:

'பெரியம்மா, தாங்கள் என்னை அவலட்சணமானவள் என்று கூறியது ஏன்?'

[இதை அடிக்கிறேன். எந்த மொழியிலும் எந்த எட்டு வயதுக் குழந்தையும் இப்படிப் பேசாது. என் விதி அவளை இப்படிப் பேச வைக்கிறது: ஆங்கிலம் என்றால் எழுத்துத் தமிழ். ஆனால் ஆங்கிலம் அவளுக்கு மேல் பொத்தான் போட்ட மொழியன்று. அவள் தாயோடு சண்டை போட்ட மொழி. விதியை வகுத்தபோது இவளை நான் கணக்கில் எடுக்கவில்லை. திருத்தி எழுதுகிறேன்.]

"பெரியம்மா, நான் அசிங்கமா இருக்கேன்னு ஏன் சொன்னீங்க?"

ஆங்கிலத்தில்தான் கேட்டாள்.

'நான் கூறியது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருந்தால்' என்று தொடங்கினாள் ருமியானா. 'அதை இவ்வாறு விளக்க —'

பேச்சை நிறுத்தினாள். குழந்தை காத்திருந்தாள். ருமியானா துண்டை இழுத்துத் தரையில் போட்டாள். முதுகு வளைந்தது. இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றி, முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனாள்.

பின்வருவது முழுவதும் ஆங்கிலத்தில் பேசப்பட்டது. நான் அங்கே இருந்தேன், கேட்டேன். இரண்டு இடங்களில் காலப் பிழையும் ஓரிடத்தில் ஒருமை பன்மை மயக்கமும் இருந்தன. விதியைப் பற்றி இனி எவரும் என்னைக் கேட்க வேண்டாம்.

"நீ அசிங்கமே இல்லடி, கண்ணு. நீ ரொம்ப அழகு. அத நான் சத்தமா சொல்லக் கூடாது. எங்க ஊர்ல யாரும் சொல்ல மாட்டோம். சொன்னா, எதுவோ கேட்டுக்கிட்டே இருக்கும், அதுக்குப் பொறாம வந்துடும். வந்து தூக்கிட்டுப் போயிடும். அதனால துப்பிட்டு, 'சே, எவ்ளோ அசிங்கம், கோழி எச்சம் போட'ன்னு சொல்லி ஏமாத்திடுவோம். புரியுதா? உங்கம்மா பொறந்தப்ப தெருவே எங்க வீட்டுக்கு வந்து துப்பிச்சு. அவ்ளோ அழகு அவ. எங்க பக்கத்து வீட்டுத் தாத்தா தினம் காலைல வேலியோரம் நின்னு துப்பிட்டுத்தான் வேலைக்குப் போவாரு."

குழந்தையின் இன்னொரு புருவமும் மேலேறியது.

"அப்புறம் அவ அங்க வந்துட்டா" என்றாள் ருமியானா. "அங்க எல்லாரும் நல்லவங்க. எல்லாரும் அவகிட்ட, 'நீ அழகா இருக்க, நீ அழகா இருக்க'ன்னு சொன்னாங்க. துப்பறதுக்குத்தான் ஒருத்தரும் இல்ல."

திருமதி பிரிச்சர்ட் திரையின் ஓரத்தில், பேனாவைப் பிடித்தபடி, அசையாமல் இருந்தார்.

நெவேனா பெரியம்மாவை வெகுநேரம் பார்த்தாள். பேச்சில் ஏதேனும் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. அந்தப் பார்வையை நான் மதிக்கிறேன். பிறகு நாற்காலியில் முழங்காலிட்டு எழுந்து, கேமராவை நெருங்கினாள். திரை முழுவதும் அந்த அகன்ற நெற்றி.

"பெரியம்மா."

"சொல்லுடி."

"நீங்க ரொம்ப, ரொம்ப அசிங்கம்."

சொல்லிவிட்டுத் துப்பினாள். பூ, பூ, பூ. ஒழுங்காக மூன்று முறை. பழக்கமில்லாதவள் ஆகையால் எச்சில் உண்மையாகவே வந்துவிட்டது. கேமராவின் கண்ணில் துளிகள் தெறித்து, குழந்தையின் முகமும், பின்னாலிருந்த சுவரும், திருமதி பிரிச்சர்டும் எல்லாம் கலங்கிப் போயின.

ருமியானா சிரித்தாளா, அழுதாளா என்று எழுத முயன்றேன். அவள் இரண்டு கைகளாலும் முகத்தை —

[தேவையில்லை.]

அவள் கை மேசைக்குப் போனது. துண்டு தரையில் கிடந்தது. மரத்தின்மேல் விரல் முட்டியின் சத்தம் சமையலறை முழுவதும் கேட்டது. நான் தடுக்கவில்லை.

கலங்கிய திரையில் ஒரு கைக்குட்டை அசைந்தது. தெளிந்தபோது திருமதி பிரிச்சர்ட் மட்டும் இருந்தார். குழந்தையைக் காணவில்லை; ஆனால் அடுத்த அறையிலிருந்து, பூ, பூ, என்று யாரையோ எதையோ பார்த்து அவள் துப்பிப் பழகுவது கேட்டுக்கொண்டிருந்தது. திருமதி பிரிச்சர்ட் கைக்குட்டையை மடித்து வைத்தார். காகிதத்தை நேராக்கினார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

9

பிளாமென் மீண்டும் அழைத்தான். "அந்தம்மா என்ன எழுதினாங்க, டீச்சர்?"

"எழுதல. எழுதப் போறாங்க."

"அதான், என்ன?"

"உன் பாடப் புத்தகத்துக்கு பீட்டரை அனுப்பறேன். அவனுக்கு வேலை கிடைச்சாச்சு. சந்தோஷமா முடியும்."

"எனக்கு பீட்டர் வேணாம்" என்றான் பிளாமென். "எனக்கு இது தெரியணும்." வைத்துவிட்டான்.

இப்போது வாசகரிடம் வருகிறேன். திருமதி பிரிச்சர்டின் காதில் விழுந்தவை எவை என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பெண் குழந்தையை அவலட்சணம் என்றாள். பிறகு குழந்தை அந்தப் பெண்ணை அவலட்சணம் என்றது. இரண்டு முறையும் எச்சில் தெறித்தது. முதல் முறை அதற்கு அவர் எழுதிய சொல் பகைமை. இரண்டாம் முறைக்கு உரிய சொல் இன்னும் எழுதப்படவில்லை. அதை நான் எழுதப் போவதில்லை. எழுதத் தெரியாமல் அன்று. நான் ஏணியைப் பிடித்தவள், எனக்கு இதில் பக்கம் இருக்கிறது. அந்த மஞ்சள் அறையைப் பக்கம் சாராதவராக நின்று பார்த்தவர் நீங்கள் ஒருவரே.

ஆகவே பேனாவை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே வாக்கியம் போதும். எழுவாய் தெளிவாக இருக்கட்டும்; பயனிலையை அந்தரத்தில் விடாதீர்கள். அடித்துத் திருத்தலாம், நானும் திருத்தியிருக்கிறேன். 'இருக்கலாம்', 'போலும்' என்று மட்டும் முடிக்காதீர்கள். ஒரு குழந்தை அடுத்த அறையில் காத்திருக்கிறது.

எழுதி முடித்ததும் மேசையைத் தட்டுங்கள். துணி இருந்தால் எடுத்துவிட்டுத் தட்டுங்கள். மரமாக இருக்க வேண்டும்.